நான் கண்ட பொருட்காட்சி: விழா நினைவும் இலக்கியமும்

தமிழ் வகுப்பில் அமர்ந்து படித்தவர் எவரும் ஒரு முறையேனும் எழுதியிருக்கக்கூடிய கட்டுரை ஒன்று உண்டு. 'நான் கண்ட பொருட்காட்சி' என்பது அதன் தலைப்பு. விடுமுறை நாள் ஒன்றின் மாலையில் பெற்றோருடன் புறப்படுவதில் அது தொடங்கும். வண்ண விளக்குகள் கண்ணைப் பறிக்கும். மக்கள் கூட்டம் அலைமோதும். இராட்டினத்தில் ஏறியவுடன் தலை சுற்றும். பஞ்சுமிட்டாய் நாவில் கரையும். கால் வலிக்க வீடு திரும்பும்போது மணி பத்தாகியிருக்கும். அந்த நாள் வாழ்வில் மறக்க முடியாத நாள் என்னும் வாக்கியத்தோடு கட்டுரை நிறைவு பெறும்.

இந்த அமைப்பைக் குழந்தைகள் தாமே கண்டுபிடிக்கவில்லை. நாம்தான் கற்பித்தோம். சென்ற நாள், உடன் சென்றவர், கண்ட கடைகள், உண்ட பண்டங்கள், அடைந்த மகிழ்ச்சி என்று கரும்பலகையில் குறிப்புகளை எழுதிப் போட்டவர்கள் ஆசிரியர்களாகிய நாமே. ஆசிரியப் பயிற்சியில் எனக்கு அவ்வாறே சொல்லித்தரப்பட்டது. நானும் அவ்வாறே பல்லாண்டு சொல்லிக்கொடுத்தேன். எழுதத் தயங்கும் குழந்தைக்கு அது ஓர் ஊன்றுகோல் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் கால் தேறிய பின்னும் ஊன்றுகோலை விடாதவன் நடையை யாரும் நடை என்று பாராட்டுவதில்லை. சிங்கப்பூர்த் தமிழர் எழுதும் விழா நினைவுக் கட்டுரைகளைப் படிக்கும்போதெல்லாம் அந்த ஊன்றுகோலின் ஓசை எனக்குக் கேட்கிறது. அதைப் பற்றிய ஆய்வே இக்கட்டுரை.

மூன்று உலகங்கள்

அமெரிக்க நாட்டில் மாநிலப் பொருட்காட்சி, மாவட்டப் பொருட்காட்சி எனப்படுபவை உழவர்களின் விழாக்கள். மாட்டையும் பன்றியையும் பூசணிக்காயையும் கொண்டுவந்து போட்டிக்கு வைப்பது அங்கே மரபு. 1841-ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தின் சிரக்கியூஸ் நகரில் முதல் மாநிலப் பொருட்காட்சி நடந்தது. வயலும் தொழுவமும் சுருங்கிப்போன சிங்கப்பூரில் அத்தகைய விழா வேர்கொள்ள இடமில்லை. 1922-இல் வேல்ஸ் இளவரசரின் வருகையையொட்டி நடந்த மலாயா–போர்னியோ பொருட்காட்சி அதற்கு ஓரளவு நெருக்கமானது எனலாம். ஆனால் நம் மக்களின் நினைவில் 'பொருட்காட்சி' என்னும் சொல் எழுப்பும் படம் வேறு. அது மூன்று கேளிக்கைப் பூங்காக்களின் படம்.

ஜாலான் புசாரில், செராங்கூன் சாலைத் தமிழர் நடந்தே செல்லக்கூடிய தொலைவில், 1923-ஆம் ஆண்டு ஓங் பூன் தாட், ஓங் பெங் ஹோக் என்னும் உடன்பிறந்தார் இருவர் 'நியூ வோர்ல்டு' என்னும் பூங்காவைத் திறந்தனர். 1930-களின் தொடக்கத்தில் கிம் செங் சாலையில் 'கிரேட் வோர்ல்டு' எழுந்தது. அப்பத்தாண்டின் பிற்பாதியில் கேலாங்கில் 'ஹேப்பி வோர்ல்டு' தோன்றியது. 1966-இல் அது 'கே வோர்ல்டு' எனப் பெயர் மாற்றம் பெற்றது. ஷாங்காய் நகரில் 1917-இல் திறக்கப்பெற்ற 'பேருலகம்' என்னும் கேளிக்கை மாளிகையின் புகழ் அக்காலத்தில் ஆசியத் துறைமுகங்களெங்கும் பரவியிருந்தது. நம் ஊர்ப் பூங்காக்கள் மூன்றும் பெயரில் 'உலகம்' என்னும் சொல்லைத் தாங்கியதில் வியப்பில்லை.

உள்ளே சென்றால் உண்மையிலேயே ஓர் உலகம்தான். ஒரு கொட்டகையில் மலாய்ப் பங்சாவான் நாடகம். அடுத்ததில் சீனக் கூத்து. ஒரு பக்கம் ஜோகெட் நடனம். மறு பக்கம் குத்துச்சண்டை, மல்யுத்தம், திரைப்படம், இராட்டினம், வளையம் எறிதல். நான் சிறுவனாக நியூ வோர்ல்டுக்குப் போனது 1970-களின் பிற்பகுதியில். அப்போது அது தன் அந்திக் காலத்தில் இருந்தது. ஆயினும் என் கண்ணுக்கு அது பேரொளியாகவே தெரிந்தது. வாயிலைக் கடக்கும்போது என் தந்தை என் மணிக்கட்டை இறுகப் பற்றுவார். அந்த இறுக்கம் இன்றும் கையில் இருக்கிறது.

இன்று அவற்றுள் ஒன்றும் இல்லை. கிரேட் வோர்ல்டின் கேளிக்கைப் பகுதி 1964-இல் மூடப்பட்டது. நியூ வோர்ல்டு 1987-இல் மூடப்பட்டது. கே வோர்ல்டு 2000-இல் மூடப்பட்டு அடுத்த ஆண்டு இடிக்கப்பட்டது. நியூ வோர்ல்டு இருந்த இடத்தில் 2009-இல் ஒரு வணிக வளாகம் திறக்கப்பட்டது. பழைய பூங்காவின் வாயில் மட்டும் அங்கே நினைவுச் சின்னமாக நிற்கிறது. வாயில் இருக்கிறது, உலகம் இல்லை.

ஆகவே, அப்பூங்காக்களை நேரில் கண்டவர்கள் எழுதும் நினைவுக் கட்டுரைகள் நமக்கு அரிய செல்வங்கள். விழா மலர்களிலும் இதழ்களிலும் வந்துள்ள அத்தகைய எழுத்துகளை நான் விருப்பத்தோடு படித்து வருகிறேன். அவை இல்லாவிடில் நம் பிள்ளைகளுக்கு இவ்வூரின் பழைய இரவுகள் பற்றி ஒன்றுமே தெரியாமல் போகும். இந்த நன்றியைச் சொல்லிவிட்டுத்தான் குறையைச் சொல்ல வேண்டும்.

குறை இதுதான்: எழுதியவர் பெயரை மறைத்துவிட்டால் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய முடிவதில்லை. மூன்று உலகங்களின் பெயர்கள் வரும். விளக்குகள் வரும். கிங்காங், தாராசிங் மல்யுத்தம் வரும். பத்துக் காசுக்கு என்னென்ன வாங்கலாம் என்னும் விலைப்பட்டியல் வரும். அந்தக் காலம் இனி வருமா என்னும் பெருமூச்சோடு கட்டுரை முடியும். 'நான் கண்ட பொருட்காட்சி'யில் மறக்க முடியாத நாள் இருந்த இடத்தில் இங்கே திரும்பி வராத காலம் இருக்கிறது. வேறுபாடு அவ்வளவே.

தாராசிங்கையே எடுத்துக்கொள்வோம். பஞ்சாபிலிருந்து 1940-களின் இறுதியில் சிங்கப்பூர் வந்த அவர், உருளைப் பீப்பாய்கள் செய்யும் ஆலையொன்றில் வேலை பார்த்துக்கொண்டே கிரேட் வோர்ல்டு அரங்கில் மல்யுத்தம் பயின்றவர். நம் கட்டுரைகளில் அவர் எப்போதும் மேடையில் நிற்கிறார். அவர் ஆலையிலிருந்து வந்தவர் என்பதை யாரும் எழுதுவதில்லை. 1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானியர் ஆட்சியில் இப்பூங்காக்களில் சூதாட்டம் நடந்தது. ஊர் பசியால் வாடிய காலத்தில் அங்கே பகடை உருண்டது. பொன்னான நினைவுகளின் வரிசையில் அந்த ஆண்டுகளுக்கு இடமில்லை.

இதனினும் பெரிய மறதி ஒன்று உண்டு. பூங்காவின் வாயிலிலும் திரையரங்கின் முகப்பிலும் தட்டிலோ தள்ளுவண்டியிலோ கடலையும் பட்டாணியும் முறுக்கும் வைத்து, தாளைக் கூம்பாகச் சுருட்டி விற்றவர்கள் யார்? 'கச்சாங் பூத்தே' என்று எல்லா இனத்தாரும் அன்போடு அழைத்த அக்கடலைக்காரர்கள் பெரும்பாலும் தமிழர்கள். நகராட்சியில் துப்புரவுப் பணி செய்தவருள்ளும் தமிழர் மிகப் பலர். பூங்காவில் தமிழன் இருந்த இடம் இராட்டினத்தின் மேல் மட்டும் அன்று, வாயிலோரத்திலும்தான். நம் கட்டுரைகளோ கடலையின் மணத்தைச் சொல்கின்றன; கடலைக்காரரின் முகத்தைச் சொல்வதில்லை. நம்மைப் பற்றி நாமே எழுதும்போதும் நம்மில் பாதிப் பேரை வெளியே நிறுத்திவிடுகிறோம்.

இக்குற்றத்தில் எனக்குள்ள பங்கை இனிச் சொல்கிறேன்.

ஒரு மாணவனின் கட்டுரை

ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர், தீபாவளி விடுமுறையை அடுத்து வந்த வாரத்தில், தொடக்கப்பள்ளி ஐந்தாம் வகுப்பு மாணவர்க்கு 'நான் கண்ட தீபாவளிச் சந்தை' என்னும் தலைப்பைக் கொடுத்தேன். கேம்பல் லேனில் கூடும் சந்தை நம் பிள்ளைகள் அனைவரும் அறிந்தது. வழக்கமான குறிப்புகளைப் பலகையில் எழுதினேன். வழக்கமான கட்டுரைகள் வந்தன. ஒன்று மட்டும் வேறாக இருந்தது.

அந்த மாணவனின் தாயார் அவ்வாண்டுச் சந்தையில் வேறொருவருடன் பங்கு சேர்ந்து கடை போட்டிருந்தார். தோரணம், கோலப்பொடி, அகல் விளக்கு ஆகியவை அக்கடையின் பொருள்கள். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் பையன் மாலைதோறும் கடையிலேயே இருந்தான். மேசையைச் சுற்றித் தொங்கவிட்ட துணிக்குப் பின்னே, சரக்குப் பெட்டிகளுக்கு நடுவே, அவனுக்கு இடம். அங்கிருந்து பார்த்தால் கால்கள் மட்டுமே தெரியும். அவன் கால்களைப் பற்றியே எழுதியிருந்தான். செருப்பு அணிந்த கால், கொலுசு அணிந்த கால், சேறு பட்ட கால். பக்கவாட்டில் திரும்பி நிற்கும் கால் வாங்காது. முன்விரலை ஊன்றி எம்பும் கால் வாங்கும். தீபாவளிக்கு முந்திய இரவு நள்ளிரவைத் தாண்டியும் கூட்டம் கலையவில்லை. பக்கத்துக் கடையில் 'லெலோங், லெலோங்' என்று கூவி விலையைப் பாதியாகக் குறைத்தார்கள். அம்மாவும் கூவினார். பிறகு அம்மாவுக்குக் குரல் வரவில்லை. விடியும் நேரத்தில் வீடு சேர்ந்தார்கள். தீபாவளியன்று அம்மா நண்பகல் வரை உறங்கினார். எண்ணெய் தேய்த்துக் குளித்தது மாலையில். 'அடுத்த ஆண்டு நான் சந்தையைப் பார்க்க வேண்டும்' என்பது கட்டுரையின் கடைசி வாக்கியம்.

நான் இருபதுக்கு ஏழு மதிப்பெண் இட்டேன். 'தலைப்புக்குப் பொருந்தவில்லை. கண்டவற்றை எழுதுக' என்று சிவப்பு மையில் குறித்தேன். தாளைப் பெற்றுக்கொண்ட பையன் சற்று நேரம் நின்றான். "சார், நான் சந்தையிலதான் இருந்தேன்" என்றான். "சந்தையில் இருந்தது போதாது, சந்தையை வருணிக்க வேண்டும்" என்று விடை சொல்லி அனுப்பினேன். அவன் தலையசைத்துவிட்டுப் போனான். அடுத்த கட்டுரையில் வண்ண விளக்குகள் கண்ணைப் பறித்தன. மக்கள் கூட்டம் அலைமோதியது. பதினான்கு மதிப்பெண் பெற்றான்.

இந்த நிகழ்ச்சியை நான் மறந்தே போனேன். சில ஆண்டுகள் கழித்துச் சிலப்பதிகாரத்தை மீண்டும் படிக்க நேர்ந்தபோது அது நினைவுக்கு வந்து என்னை நாணச் செய்தது.

இளங்கோ காட்டும் விழா

தமிழில் விழாவைப் பாடிய நூல்களுள் தலையாயது சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை. புகார் நகரத்து விழாவைக் கூறப் புகுந்த இளங்கோவடிகள் விளக்கிலும் தோரணத்திலும் தொடங்கவில்லை என்பதைக் கருதுக. முதலில் மருவூர்ப்பாக்கம் வருகிறது. கடல் கடந்து வந்தோர் குடியிருப்பு, சுண்ணமும் சாந்தும் பூவும் விற்போர், பட்டும் பருத்தியும் நெய்வோர், மீனும் உப்பும் வெற்றிலையும் விற்போர், வெண்கலத் தொழிலாளர், செம்பு கொட்டுவோர், தச்சர், கொல்லர், மண் உருச் செய்வோர், பொற்கொல்லர், தையற்காரர், தோல் தைப்போர், துணியிலும் நெட்டியிலும் பொம்மை செய்வோர் என்று ஒவ்வொருவராக வருகின்றனர். பாணரும் வருகின்றனர், பிறர்க்குக் குற்றேவல் செய்து பிழைப்போரும் வருகின்றனர். விழாவைச் செய்யும் கைகளை எல்லாம் காட்டிய பிறகே கவிஞர் விழாவைக் காட்டுகிறார்.

பின்னர் இரு பாக்கங்களுக்கும் நடுவே மரநிழலில் கூடும் நாளங்காடி வருகிறது. ஐவகை மன்றங்கள் வருகின்றன. அவற்றுள் ஒன்றான வெள்ளிடை மன்றத்தில் பெயரும் அளவும் பொறித்த பொதிகள் காவலின்றிக் கிடக்கும். திருட வருபவன் கழுத்து நோகும்படி அப்பொதியையே சுமந்து சுழல்வான். விழா என்றால் திருடனும் உண்டு என்பது அடிகளுக்குத் தெரியும். நம் நினைவுக் கட்டுரைகளில் பணப்பையைப் பறிகொடுத்தவர் ஒருவரும் இல்லை.

இவை அனைத்தினும் என்னைக் கவர்ந்தது அக்காதையின் முடிவு. ஊர் முழுவதும் களிப்பில் திளைக்கும் அந்த நாளில் இரு பெண்களின் கண்கள் துடித்து நீர் உகுக்கின்றன. கண்ணகிக்கு இடக்கண் துடிக்கிறது. மாதவிக்கு வலக்கண் துடிக்கிறது. ஒருத்தி விழாவுக்கு வராமல் பிரிவில் வாடுபவள். மற்றொருத்தி விழாவின் நடுவே இருப்பவள். நகரத்தையே கண்முன் நிறுத்திய கவிஞர் இறுதியில் இரண்டு கண்களில் வந்து நிற்கிறார். விழாவின் முடிவில் கடலாடச் சென்ற இடத்தில் கானல்வரி பாடிக் கோவலன் மாதவியைப் பிரிகிறான். காப்பியத்தின் துன்பம் முழுவதும் அப்பிரிவிலிருந்தே விரிகிறது. இந்திரவிழா என்பது கதையின் நடுவே செருகப்பட்ட வருணனை அன்று. கதை திரும்பும் இடமே அதுதான். விழாவைக் காண்போர் களிக்கும்போதே யாரோ ஒருவர் வாழ்வு திசை மாறுகிறது என்பதை உணர்ந்தவரே அவ்வாறு எழுத முடியும்.

சாத்தனாரும் மாங்குடி மருதனாரும்

மணிமேகலையில் சாத்தனார் வேறொரு வழியை மேற்கொள்கிறார். முதற்காதையாகிய விழாவறை காதையில் இருபத்தெட்டு நாள் நடக்கும் இந்திரவிழாவை யானை மீதிருந்து வள்ளுவன் முரசறைந்து அறிவிக்கிறான். புதுமணல் பரப்புக, வாழையும் கமுகும் நாட்டுக, பகைவரோடு எதிர்ப்பட்டாலும் பூசலிடாமல் விலகிச் செல்க என்றெல்லாம் ஆணைகள் வருகின்றன. அடுத்த காதையில் விழா வருணனையை எதிர்பார்த்துப் பக்கத்தைத் திருப்புகிறோம். அங்கே வருவது விழாவுக்கு வராதவர்களின் கதை. மாதவியும் மணிமேகலையும் வரவில்லை. ஊர் அலர் தூற்றுகிறது. தாயும் மகளும் பூத்தொடுத்துக்கொண்டிருக்கின்றனர். தந்தை கொலையுண்ட செய்தி பேச்சில் எழ, மகளின் கண்ணீர் மாலையில் விழுந்து பூவின் தூய்மையைக் கெடுக்கிறது. புதுப்பூப் பறிக்க அவள் வெளியே செல்லும்போதுதான் விழாத் தெருவை நாம் காண்கிறோம். கள்ளுண்டவன் துறவியை வழிமறித்துப் பேசுவதையும், பித்தன் ஒருவனின் கூத்தையும், பேடிக் கோலத்து ஆட்டத்தையும் சூழ்ந்து நின்ற கூட்டம், அவற்றை விட்டு மணிமேகலையைச் சூழ்கிறது. வேடிக்கை பார்ப்போர் கண்ணுக்கு அவளும் ஒரு வேடிக்கையாகிவிடுகிறாள். வேடிக்கை பார்க்கும் கூட்டத்தின் இரக்கமின்மையை இதற்கு மேல் யார் சொல்ல முடியும்?

இவ்விரு காப்பியங்களுக்கும் முற்பட்டது மதுரைக்காஞ்சி. மாங்குடி மருதனார் அதில் மதுரையின் நாளங்காடியையும் அல்லங்காடியையும் பாடுகிறார். அல்லங்காடி என்பது இரவுக் கடைவீதி. இன்று நாம் மலாய்ச் சொல்லால் 'பசார் மாலாம்' என்கிறோமே, அதற்கு நேரான தமிழ்ச் சொல் சங்க இலக்கியத்திலேயே உள்ளது. மருதனார் அல்லங்காடியின் ஆரவாரத்தோடு நின்றுவிடவில்லை. யாமம் செல்லச் செல்லக் கடைகள் அடைக்கப்படுகின்றன. அடையும் மோதகமும் விற்கும் பண்ணியக்காரர் அமர்ந்த இடத்திலேயே தூங்கி விழுகின்றனர். விழாவில் ஆடிய கூத்தரும் ஓய்ந்து உறங்குகின்றனர். அதன் பிறகு கள்வரும் அவர்களைத் தேடும் காவலரும் நடமாடும் இருண்ட தெருக்கள் வருகின்றன.

அந்த அடிகளைப் படித்தபோது நான் நூலை மூடி வைத்துவிட்டேன். தீபாவளியன்று நண்பகல் வரை உறங்கிய ஒரு தாயை என் மாணவன் எழுதியிருந்தான். விழா இரவில் தூங்கி விழும் பண்ணியக்காரரை மருதனார் எழுதியிருக்கிறார். புலவர் பாடியதைப் பத்துப்பாட்டு என்று போற்றிப் பாடம் நடத்தினேன். பிள்ளை எழுதியதைத் தலைப்புக்குப் பொருந்தவில்லை என்று திருப்பிக் கொடுத்தேன்.

அயல்நாட்டிலும் நம் நாட்டிலும்

அமெரிக்காவிலும் சிறந்த எழுத்தாளர் இவ்வுண்மையை அறிந்தே எழுதினர். ஈ. பி. வைட் 1952-இல் வெளியிட்ட 'சார்லட்டின் வலை' என்னும் சிறுவர் நாவலை நம் பள்ளி நூலகங்களில் காணலாம். அதில் மாவட்டப் பொருட்காட்சியை நாம் பன்றித் தொழுவத்திலிருந்து காண்கிறோம். தொழுவத்தை விட்டு அகலாதிருந்த சிறுமி, தோழனோடு இராட்டினம் ஏறப் போய்விடுகிறாள். பன்றிக்குட்டி பரிசு பெறுகிறது, கூட்டம் கைதட்டுகிறது. அதன் உயிரைக் காத்த சிலந்தி, விழா முடிந்து ஆளரவமற்றுப் போன திடலில் தனியே இறக்கிறது. குழந்தைகளுக்கு எழுதிய நூலிலேயே ஆசிரியர் அதை மறைக்கவில்லை. இராட்டினத்தின் இன்பமும் அதில் குறைவின்றி இருக்கிறது என்பதே அந்நூலின் சிறப்பு.

சிங்கப்பூர்த் தமிழிலும் வேடிக்கையைப் பாடும் மரபு புதிதன்று. 1893-இல் வெளிவந்த ரெங்கசாமி தாசனின் 'அதிவிநோதக் குதிரைப்பந்தய லாவணி' இதற்குச் சான்று. குதிரைப் பந்தயம் அக்காலத்தில் செராங்கூன் சாலையை அடுத்த திடலில் நடந்தது. இன்றைய பந்தயத் திடல் சாலையின் பெயரில் அந்நினைவு எஞ்சியுள்ளது. 1933-இல் பந்தயம் புக்கிட் தீமாவுக்கும் பின்னர் கிராஞ்சிக்கும் பெயர்ந்தது. 2024 அக்டோபர் 5-ஆம் நாளோடு சிங்கப்பூரில் குதிரைப் பந்தயமே முடிவுக்கு வந்தது. பந்தயம் போயிற்று, லாவணி இருக்கிறது. இவ்வூரின் காட்சிகள் தமிழில் எழுதத் தக்கவை என்று நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் கருதினார். லாவணி எதிரெதிரே அமர்ந்து பாடும் மக்கள் கலை. கேட்போர் சலித்தால் பாடுவோருக்கு இடமில்லை. எழுதுவோர்க்கு அந்த அச்சம் இன்று இல்லாமல் போனது நம் கட்டுரைகளுக்கு நேர்ந்த குறை என்றே எண்ணுகிறேன்.

ஒரு மறுப்பும் விடையும்

'முதுமையில் ஒருவர் தம் இளமையின் இனிய மாலைப்பொழுதை நினைத்து மகிழ்வதிலும் குற்றம் காண வேண்டுமா? எல்லாக் கட்டுரையிலும் உழைப்பாளியின் வியர்வை சொட்ட வேண்டுமா?' என்று சிலர் வினவலாம். நியாயமான வினாவே. இரக்கத்தைக் கட்டளையாக்கினால் அதுவும் ஒரு வாய்பாடாகிவிடும். கடலைக்காரரின் கிழிந்த சட்டையைப் பற்றி ஒரு பத்தி சேர்க்க வேண்டும் என்று அடுத்த தலைமுறை மாணவர்க்குக் குறிப்பு எழுதிப் போடும் நிலை எனக்கு வர வேண்டாம்.

நான் வேண்டுவது மகிழ்ச்சியைக் குறைப்பதன்று. இளங்கோவின் விழா நம் கட்டுரைகளின் விழாக்களைவிட மகிழ்ச்சியானது. அதற்குக் காரணம் அங்கே மகிழ்பவர்கள் பெயரும் தொழிலும் உடைய மனிதர்கள் என்பதே. 'மக்கள் கூட்டம்' என்று எழுதினால் படிப்பவர் கண்ணில் எவரும் தோன்றுவதில்லை. 'செம்பு கொட்டுபவர்' என்று எழுதினால் ஒருவர் தோன்றுகிறார். உண்மையாகக் கண்டது சிறிதாயினும் பெரிது. கண்டதாக எழுதியது பெரிதாயினும் சிறிது. மேசைக்கு அடியிலிருந்து கண்ட கால்கள் ஒரு சந்தையைக் காட்டின. 'கண்ணைப் பறிக்கும் விளக்குகள்' எதையும் காட்டவில்லை.

எனவே, விழாவை நினைந்து எழுத அமர்வோர் மூன்று புலவர்களிடமிருந்து மூன்று வினாக்களைக் கடன் வாங்கலாம். இந்த விழாவைச் செய்தவர் யார் என்பது இளங்கோவின் வினா. இதற்கு வராதவர் யார் என்பது சாத்தனாரின் வினா. விளக்கணைந்த பின் என்ன நடந்தது என்பது மாங்குடி மருதனாரின் வினா. இம்மூன்றுக்கும் விடை எழுத வேண்டும் என்பதில்லை. கேட்டுக்கொண்டால் போதும், கட்டுரை தன் வழியைத் தானே கண்டுகொள்ளும்.

என்னையே நான் கேட்டுக்கொண்டேன். நியூ வோர்ல்டு பற்றிய என் நினைவில் முதலில் வருவது விளக்குகளாகவே இருந்தது. வினாவைக் கேட்ட பிறகு வேறொன்று வந்தது. வாயிலருகே கடலை விற்றவர் என் தந்தையை 'அண்ணே' என்று அழைத்துப் பேசுவார். இருவருக்கும் ஊர் பக்கத்துப் பக்கத்து ஊர். தந்தை எனக்கு ஒரு கூம்பு வாங்கித் தருவார்; கடலைக்காரர் மேலும் ஒரு பிடி போடுவார். நாங்கள் உள்ளே போவோம். திரும்பி வரும்போதும் அவர் அங்கேயே நின்றுகொண்டிருப்பார். அவர் உள்ளே போய்ப் பார்த்ததுண்டா என்று என் தந்தையும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. இந்த நினைவு இத்தனை ஆண்டுகள் என்னிடமே இருந்தது. எழுதத் தக்கது என்று எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவே. என் வாய்பாட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

மன்னன் தன் மகனைத் தேடும் துயரில் இந்திரவிழாவை மறந்ததால் புகாரைக் கடல் கொண்டது என்று மணிமேகலை கூறுகிறது. நம் மூன்று உலகங்களை எந்தக் கடலும் கொள்ளவில்லை, வளர்ச்சி கொண்டது. அதற்காக அழுது பயனில்லை. புகாரின் அங்காடி மணலோடு போன பின்னும் அதன் பூ விற்போரும் தோல் தைப்போரும் இன்றும் நடமாடுகிறார்கள் என்றால், அவர்களைப் பார்த்து எழுதிய ஒருவர் இருந்தார் என்பதே காரணம். நம் அங்காடிகளுக்கும் அப்படி எழுதுவோர் வேண்டும். எழுதக்கூடியவர்கள் நம் வகுப்பறைகளிலேயே இருக்கிறார்கள். சிவப்பு மையைத் தொடுவதற்கு முன் ஆசிரியர்கள் ஒரு முறைக்கு இரு முறை படிக்க வேண்டும்.

என் மாணவனின் கட்டுரையை அன்றே திருப்பிக் கொடுத்துவிட்டேன். படி எடுத்து வைக்கவில்லை. மேலே நான் எழுதியிருப்பது என் நினைவில் நின்ற பகுதி மட்டுமே. அவன் எழுத்து இதைவிட நன்றாக இருந்தது. இப்போது அவன் இளைஞனாக வளர்ந்திருப்பான். இத்தொகுதி அவன் கைக்கு எட்டுமானால், அக்கட்டுரையை அவன் மீண்டும் ஒரு முறை எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மதிப்பெண் இடும் உரிமையை நான் இழந்துவிட்டேன். படிப்பதற்கு மட்டும் காத்திருக்கிறேன்.